நான்காவது தலையணை

தீவுகளில் நண்டு பேசும் என்று சிலர் எழுதுகிறார்கள். அதெல்லாம் கட்டுக்கதை. மூக்குத்தித் தீவில் நான் சந்தித்த நண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நடந்ததை நடந்தபடி சொல்கிறவன் நான். விழுப்புரம் ரயில்வே காலனியில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் விசாரித்துப் பாருங்கள்.

என் பெயர் பூவராகன். சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். கார்டுக்கு ரயிலின் கடைசிப் பெட்டி. எஞ்சினில் இருப்பவன் வரப்போவதைப் பார்ப்பான். நான் போய்விட்டதைப் பார்ப்பேன். ஒருமுறை முண்டியம்பாக்கத்தில் எஞ்சின் தனியே கழன்று நின்றுவிட, என் பெட்டி அதை முந்திக்கொண்டு விழுப்புரம் போய்ச் சேர்ந்தது. அதே தண்டவாளத்தில் எப்படி முந்தியது என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும், நான் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.

தீவுக்குப் போகலாம் என்றது என் பெண் மங்கையர்க்கரசி. சென்னையில் டாக்டராக இருக்கிறாள். மஸ்கட்டிலிருந்து இரண்டு மாத விடுமுறையில் வந்திருந்த அவள் தம்பி இளவழகனும் சரி என்றான். என் மனைவி செங்கமலம் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தாள். மாப்பிள்ளை, மருமகள், பேரப்பிள்ளைகள் யாரும் வேண்டாம். நாம் நாலு பேர் மட்டும், முன்னே ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த மாதிரி. விநோதமான ஆசையாக இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் அவள் எதையும் ஆசைப்பட்டுக் கேட்டு எனக்குப் பழக்கமில்லாததால் மறுக்கத் தெரியவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் மருதாணி அரைத்து எல்லார் விரலிலும் அப்பினாள். வெளியூர் போனால் அப்படித்தான். உள்ளங்கையில் வேண்டாம், ஆஸ்பத்திரியில் சிரிப்பார்கள் என்று மங்கை சொன்னதால் அவளுக்கு நகத்தில் மட்டும் வைத்தாள். காலையில் பத்து நகமும் அடியிலிருந்து நுனிவரை செக்கச்செவேலென்று பிடித்திருந்தது. பிறகு ஒரு பெரிய கண்ணாடிப் புட்டி நிறையப் பருப்புப் பொடி இடித்தாள். அதன் மூடியை அழுத்தி மூடியது நான். மூடும்போது பொடி மூடியில் முட்டியது.

தீவில் நாங்கள் படகிலிருந்து இறங்கியது ஒரு சாயங்காலம். மேலாளர் லூர்து பர்னாந்து தூத்துக்குடிக்காரர். கைப்பேசி, கைக்கடிகாரம், வீட்டுப் பலகாரம் எல்லாவற்றையும் வாங்கி ஒரு பையில் போட்டுக் கட்டினார். பருப்புப் பொடிப் புட்டி மட்டும் செங்கமலத்தின் புடவை மடிப்புகளுக்கு நடுவில் யாருக்கும் தெரியாமல் உள்ளே வந்துவிட்டது. அந்நிய ஊர்ச் சோற்றை நம்பி அவள் எங்கேயும் போனதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது லூர்து விஷயத்தைச் சொன்னார்.

"ஐயா, எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள்தான் நாள். ரெண்டாம் நாள் ரூம் சரியில்லம்பாங்க, மூணாம் நாள் சாப்பாடு சரியில்லம்பாங்க, நாலாம் நாள் கூட வந்தவங்களே சரியில்லம்பாங்க. அதனால நாங்க முதல் நாளை மட்டும்தான் குடுக்கோம்."

"மத்த நாளை எங்க வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"எல்லாமே முதல் நாள்தான் ஐயா. பகல்ல நடக்கதெல்லாம் ஈர சிமெண்ட் மாதிரி. ராத்திரித் தூக்கத்துலதான் இறுகும். எங்க தலையணைக்குள்ள ஒரு சில்லு இருக்கு. அது இறுக விடாது. காலையில எந்திரிச்சா, நேத்து சாயங்காலம் படகுல வந்து இறங்குனதுதான் ஞாபகம் இருக்கும். மறுபடியும் முதல் நாள், மறுபடியும் அதே சந்தோசம்."

அன்று ராத்திரி மட்டும் எல்லாருக்கும் சாதாத் தலையணை, மறுநாளிலிருந்து சில்லு வைத்தது என்றார். வெள்ளோட்டம் என்பதால் எல்லாம் இலவசம். நாங்கள் தூங்கும்போது ஆட்கள் வந்து நகம், முடியெல்லாம் வளர்ந்தது தெரியாமல் வெட்டிவிடுவார்கள்; வெயிலில் கறுக்காமல் களிம்பு பூசிவிடுவார்கள். வெளிச் சாப்பாடு கூடாது என்பதும் அதற்குத்தான், மீந்திருப்பதைப் பார்த்து நாள் கணக்குத் தெரிந்துவிடும். மேஜைக்கடியில் செங்கமலம் என் காலை மிதித்தாள்.

சட்டம் ஒன்றும் இருந்தது. குடும்பத்தில் ஒருவர் சில்லில்லாத தலையணையில்தான் படுக்க வேண்டும். அவருக்கு எல்லாம் நினைவிருக்கும். காலையில் லூர்து வந்து அவரிடம் கேட்பார். இன்னொரு நாள் என்றால் இன்னொரு நாள், போதும் என்றால் படகு. திரும்பிப் போகிற படகு காலையில் மட்டும்தான் வரும். புறப்படுவதற்கு முதல் நாளே சொல்லிவிட்டால் அன்று எல்லாருக்கும் சாதாத் தலையணை; ஒரு நாளையாவது முழுசாகக் கையில் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பலாம்.

யார் அந்த ஒருவர் என்று விவாதமே நடக்கவில்லை. மூன்று பேரும் செங்கமலத்தைப் பார்த்தோம். வீட்டுச் சாவி, பீரோ சாவி, யார் எந்த மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும் என்பதெல்லாம் அவளிடம்தான் இருந்தது. இதுவும் அவளிடமே இருக்கட்டும் என்று நினைத்தோம். அஞ்சு நாள் இருந்துவிட்டுக் கிளம்புவதாகப் பேச்சு.

இனி நான் சொல்லப்போவது முதல் நாள். எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.

காலையில் லூர்து காப்பி கொண்டுவந்தார். வாசல் மரப்படியில் நின்று, "அம்மா, இன்னைக்கு?" என்றார். "முதல் நாள்" என்றாள் செங்கமலம். அவர் சிரித்துவிட்டுப் போனார். எனக்கும் சிரிப்பு வந்தது. கடல் பச்சைக் கண்ணாடி மாதிரி இருந்தது. இளவழகன் சின்னப் பையன்போல ஓடித் தண்ணீரில் விழுந்தான்.

மங்கை என்னைக் கூப்பிட்டுக்கொண்டு கரையோரமாக நடந்தாள். தென்னைகள் முடிகிற இடத்தில் நின்றாள். அம்மாவுக்கு மார்பில் கட்டி இருக்கிறது, பரிசோதனை செய்தாகிவிட்டது, கெட்ட கட்டிதான் என்றாள். டாக்டர் பேசுகிற குரலில்தான் ஆரம்பித்தாள், நடுவில் அது என் பெண்ணின் குரலாகிவிட்டது.

"இந்த மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிட்டா நல்லபடியா ஆயிடும்பா. அதுக்காகத்தான் நீளமா லீவு போட்டிருக்கேன். தம்பியும் அதுக்குத்தான் வந்திருக்கான். அதுக்கு முன்னாடி அஞ்சு நாள் சந்தோஷமா இருக்கட்டும். படகுல திரும்பும்போது நானே அவகிட்ட சொல்லிடறேன்."

இதை நீங்கள் படிக்கிறீர்கள், நான் கேட்டேன். வேறு என்ன சொல்ல. கொஞ்ச நேரம் மணலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நண்டு வளையிலிருந்து தலை நீட்டிப் பார்த்தது. அதனிடம் சில விஷயங்கள் சொன்னேன். போகவில்லை, கேட்டது.

கண் சிவந்த நிலையில் பெண்டாட்டி முன்னால் போய் நிற்க முடியாது. திரும்பும் வழியில் காரணம் தயார் செய்தேன்.

"ஒரு நண்டு மூக்குக்கண்ணாடியைத் தூக்கிட்டுப் போயிடிச்சி," என்றேன். "தன் வீட்டம்மாவுக்குப் பார்வை மங்கிப்போச்சாம். நான் வளைக்குள்ள கையை விட்டேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, இவ்வளவு வயசான ஆளான்னு கண்ணுல மண்ணை வாரி அடிச்சிடிச்சி. பெரிய மனுஷிங்கறதால பதிலுக்கு ஒண்ணும் பண்ணல."

மங்கையும் இளவழகனும் தலையில் அடித்துக்கொண்டார்கள். செங்கமலம் மட்டும் முழங்கையை மேஜையில் ஊன்றி, சினிமா பார்ப்பதுபோல் கேட்டாள். முடிந்ததும், "கண்ணாடி திரும்ப வந்துடிச்சா?" என்றாள்.

"பேசி வாங்கிட்டேன்."

"என்னா பேசுனீங்க?"

நாற்பது வருஷத்தில் என் கதைக்கு அவள் உப கேள்வி கேட்டதில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மத்தியானம் அவள் குளிக்கப் போயிருந்தாள். ஓட்டல்காரர்கள் மீனும் பழமும் அடுக்கியிருந்தார்கள், எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. ஒரு கவளம் பொடிச் சோறு போதும் என்று தோன்றியது. அவள் பெட்டியைத் திறந்து புடவைகளுக்கு நடுவில் கையை விட்டுப் புட்டியை எடுத்தேன். லேசாக இருந்தது.

அடியில் ஒரு விரல் தடிமனுக்குப் பொடி ஒட்டியிருந்தது.

மற்றவர்களாக இருந்தால் எலி என்று நினைப்பார்கள். நான் கடைசிப் பெட்டிக்காரன். என் உத்தியோகமே மிச்சத்தைப் பார்த்து நடந்ததைக் கண்டுபிடிப்பதுதான். நாலு பேர், வேளைக்கு ஒரு கரண்டி என்று வைத்தாலும் அஞ்சு நாளில் அந்தப் புட்டியின் கழுத்துகூடக் காலியாகாது.

புட்டியை வைத்துவிட்டுச் சாப்பாட்டு மேஜைக்குப் போனேன். மங்கை எனக்கு மீன் எடுத்து வைத்தாள். அவள் விரலைப் பார்த்தேன். ஒவ்வொரு நகமும் நுனியிலிருந்து பாதிக்குச் சற்று அதிகமாக மட்டும் சிவப்பாக இருந்தது. அடியில் மருதாணியே படாத வெறும் நகம், பிறை மாதிரி ஏறியிருந்தது. ஓட்டல் ஆட்களுக்கு நகத்தை வெட்டத் தெரியும். மருதாணி நகத்தோடு மேலே ஏறிக்கொண்டே போவதை அவர்கள் என்ன செய்ய முடியும்? மங்கை தன் விரலையே பார்க்கவில்லை. யார்தான் தினம் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

"நாம வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆயிடிச்சு" என்றேன்.

இளவழகன் சிரித்தான். "அப்பா, ஒரு நாளைக்கு ஒரு கதை போதும்பா. நண்டே இன்னும் ஜீரணமாகல."

நான் திரும்பினேன். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு செங்கமலம் வாசலில் நின்றிருந்தாள். நான் எதைப் பார்த்தேன் என்பதை அவள் பார்த்துவிட்டாள். "கையைக் கழுவிக்கிட்டு வாங்க, கொஞ்சம் நடக்கலாம்" என்றாள். குரலில் ஒன்றுமில்லை.

தென்னைகள் முடிகிற அதே இடத்துக்கு அழைத்துப் போனாள். மணலில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"பொடியா, நகமா?" என்றாள்.

"ரெண்டும்."

"போன தடவை நகம் மட்டும்தான்."

எனக்குப் புரியவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள், நாளைக்கு என்ன குழம்பு என்று சொல்கிற மாதிரி. நான் கண்டுபிடிப்பது இது மூன்றாவது தடவையாம். முதல் தடவை கத்தினேனாம், லூர்துவின் சட்டையைப் பிடித்தேனாம். படகு காலையில்தான் என்று அவர் சொல்லிவிட்டார். கோபம் களைப்பாகி, படுத்தேன்; எழுந்தேன்; முதல் நாள். இரண்டாவது தடவை நேராக மங்கையிடம் போய் அவள் நகத்தைக் காட்டினேனாம்.

"டாக்டருக்குச் சொல்லணுமா? பாத்த உடனே புரிஞ்சிடுச்சி அவளுக்கு. நான்தானே படகுல சொல்லலாம்னு தள்ளிப்போட்டேன், நானே எங்கம்மாவைக் கொன்னுட்டேன்னு தலையில தலையில அடிச்சிக்கிட்டா. தம்பி அவ கையைப் பிடிச்சிக்கிட்டு அழறான். தலையணையே வேணாம், வெறுந்தரையில உக்காந்தே விடிய வெப்போம்னு எல்லாரும் உக்காந்தீங்க. எவ்வளவு நேரம் அழ முடியும்? ஒவ்வொருத்தரா அசந்து சாஞ்சீங்க." மணலை ஒரு கை அள்ளி விரலிடுக்கில் விட்டாள். "நான்தான் ஒவ்வொரு தலையா தூக்கித் தலையணையை வெச்சேன். காலையில மங்கை சிரிச்சிக்கிட்டு எந்திரிச்சி வந்தா."

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை, கடலைப் பார்த்தேன். கடல் ரொம்ப அழகாக இருந்தது. அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"என் உடம்புங்க. எனக்குத் தெரியாம மங்கைக்கா தெரிஞ்சிடும்?"

ஊரில் தேட மாட்டார்களா என்று கேட்டேன். லூர்துவின் போனில் மாப்பிள்ளைக்கும் மருமகளுக்கும் அவளே பேசியிருக்கிறாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பிள்ளைகள் ராத்திரியெல்லாம் கண் விழித்துப் பகலில் தூங்குகிறார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறாள். நாற்பது வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள். தொழில் கற்றுக்கொள்ளாமல் இருப்பாளா.

ஏன் என்று கேட்டேன். அவள் தன் அக்காவைப் பற்றிப் பேசினாள். அக்காவுக்கும் இதுவேதான். அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், இரண்டு வருஷம் இருந்தாள். பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள். எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரு வேளை சோறு போடவில்லை அவள்.

"எனக்கு இங்க தினமும் நாலு பேருக்கு எலை போட முடியுது. யாரும் போனைப் பாக்கறதில்ல. யாருக்கும் நாளைக்கு ரயில் இல்ல. தம்பி தினமும் ஓடிப்போய்த் தண்ணியில விழறான், தினமும் இப்பத்தான் கடலைப் பாக்கற மாதிரி." சற்று நிறுத்தினாள். "அப்புறம் நீங்க."

"நான் என்னா?"

"தினமும் காலையில மங்கை உங்களை இங்க கூட்டிட்டு வந்து சொல்றா. தினமும் செவந்த கண்ணோட வந்து எனக்கு ஒரு காரணம் சொல்றீங்க. ஒரு நாள் திமிங்கலம் தும்மிடிச்சின்னீங்க. ஒரு நாள் கடலுக்கடியில சரக்கு வண்டி போற சத்தம் கேட்டுது, கொடி காட்டறதுக்காகத் தலையை உள்ள விட்டேன்னீங்க. இத்தனை நாள்ல ஒண்ணுகூட ரெண்டாம் தடவை வந்ததில்ல. எனக்காக ஒருத்தர் தினமும் புதுசா ஒண்ணு யோசிக்கறாரே, அதை விட்டுட்டு எங்க போய்ப் படுக்கறது?"

அந்த நேரத்திலும் எனக்கு, கடலடிச் சரக்கு வண்டியை நானா சொன்னேன் என்று ஒரு சின்னப் பெருமை. மனுஷன் மட்டமான பிராணி.

"செங்கமலம், இப்பப் போனாக்கூட..."

"இப்பப் போனா என்னான்னு மங்கைதான் சொல்லணும். முன்னாடி சொன்ன மாதிரி சொல்ல மாட்டா."

"சரி, உன் கணக்கையே வெச்சிக்குவோம்" என்றேன். "நீ எங்களோட இத்தனை நாள் இருந்துட்ட. எல்லாம் உன்கிட்ட இருக்கு. எங்ககிட்ட என்னா இருக்கு? நாளைக்கு நீ இல்லாமப் போனா, உன்னோட இந்தக் கடல்ல இருந்த ஒரு நாள்கூட எங்க மூணு பேருக்கும் ஞாபகம் இருக்காது. ஒரு சாயங்காலம் படகுல வந்து இறங்கினோம், அவ்வளவுதான்."

அவள் கையிலிருந்த மணல் தீர்ந்துபோயிருந்தது. அது தெரியாமல் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை முன்னாடி சொன்னேனா?"

"இல்ல" என்றாள். எழுந்து புடவையை உதறினாள். "யோசிச்சிச் சொல்றேன். ராத்திரி தூங்கினா சரியாயிடும்."

யார் தூங்கினால், எது சரியாகும் என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது.

வெயில் இறங்கியதும் மூன்று பேரும் கால் நனைக்கப் போனார்கள். எனக்கு முழங்கால் வலி என்றேன். முழங்காலைப் பற்றி நான் சொல்வதை யாரும் சந்தேகிப்பதில்லை. ஜன்னல் வழியாக அவர்கள் தெரிந்தார்கள். அலை வரும்போதெல்லாம் செங்கமலத்தை இரண்டு பக்கமும் பிள்ளைகள் தூக்கினார்கள். அவள் கத்துவது கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது.

பிள்ளைகள் அறைக்குப் போய் இரண்டு தலையணைகளின் உறையையும் கழற்றினேன். ஓரத் தையலில் ஒரு சின்னப் பை, அதற்குள் எட்டணா அளவுக்கு ஒரு சில்லு. பிள்ளைகளுடைய இரண்டையும் எடுத்து வெளியே வந்து, நண்டு வளையில் போட்டேன். நண்டுக்கு அதனால் ஏதாவது ஆகியிருந்தால் அதற்கே ஞாபகம் இருக்காது. என் தலையணையில் இருந்த மூன்றாவது சில்லை எடுத்துக்கொண்டு செங்கமலத்தின் தலையணையிடம் வந்தேன். அதற்கு மட்டும் அடையாளத்துக்காக நீல உறை போட்டிருந்தார்கள். உள்ளங்கையில் சில்லை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவள் எங்களுக்குச் செய்ததைத்தான் நான் அவளுக்குச் செய்யப்போகிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கடலில் அவள் சிரிப்பு கேட்டது. சில்லை உள்ளே போட்டு, அவசரமாக உறையை மாட்டினேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் அவள் பொடியை எடுத்து வைத்தாள், அடி வரைக்கும் வழித்து. எங்கே கிடைத்தது என்று பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள். இளவழகன் குவார்ட்டர்ஸ் நாட்களைப் பற்றிப் பேசினான், மங்கை பாடினாள், சுமாராகத்தான். எல்லாருக்கும் முன்னதாகச் செங்கமலம் நீலத் தலையணையில் தலைவைத்தாள். "யோசிச்சியா?" என்றேன். "காலையில சொல்றேன்" என்றாள்.

விடிந்தபோது நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணைத் திறந்தாள்.

"என்னாங்க, இன்னைக்கு எனக்கு முன்னாடியே எந்திரிச்சிட்டீங்க?"

"நேத்து பேசி முடிவு பண்ணிட்டோம்" என்றேன். "படகு வரச் சொல்லிடலாம்னு நீதான் சொன்ன."

அவள் என் முகத்தை, ஒவ்வோர் இடமாகப் பார்த்தாள். நான் நேற்று என்று சொன்னது அவளுக்குப் போய்ச் சேர்ந்தது.

"நானா?"

"நீதான். எங்கிட்ட நெறைய நாள் இருக்கு, இந்த ஒரு நாள் அவங்களுக்கு இருக்கட்டும்ன. பிள்ளைங்க தலையணையிலேருந்து நீயே சில்லை எடுத்த. ஒண்ணை உன் தலையணையில எதுக்குப் போட்டுக்கறன்னு கேட்டேன். திரும்ப மனசு மாறிடுவேன், எனக்கு அது ஞாபகம் இருக்கக் கூடாதுன்ன."

நான் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். எதைச் சொல்லும்போதும் குரல் இப்படி நடுங்கியதில்லை.

செங்கமலம் எழுந்து தலையணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஓரத்தைத் தடவினாள், சில்லு தட்டுப்பட்டது. பிறகு உறையைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். நீல உறை உள்பக்கம் வெளியே வந்து, தையலும் நூல்பிசிறும் சுற்றிலும் துருத்திக்கொண்டிருந்தன. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் எந்தத் தலையணைக்கும் அவள் இப்படி உறை போட்டதில்லை. போட்டவனை அவளுக்குத் தெரியும்.

உறையை உருவினாள். நேராகத் திருப்பினாள். மூலைகளை விரலால் குத்தி எடுத்துவிட்டு மறுபடி போட்டு, வாயை உள்ளே மடித்துவிட்டாள். இரண்டு தட்டுத் தட்டி அதன் இடத்தில் வைத்தாள்.

"சொல்லியிருப்பேன்" என்றாள்.

லூர்து காப்பியோடு வந்து படியில் நின்றார். "அம்மா, இன்னைக்கு?"

அவள் கடலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இளவழகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து, ஓடாமல், நின்று சோம்பல் முறித்தான்.

"படகை வரச் சொல்லுங்க, தம்பி" என்றாள்.

படகுக்குக் காத்திருக்கும்போது மங்கை என்னிடம் ஒதுங்கி வந்து, "நேத்து சொன்னேனேப்பா, அதைக் கரை வந்ததும் அம்மாகிட்ட சொல்லிடறேன். படகுல வேணாம்" என்றாள். நேத்து என்ற சொல்லை அந்தத் தீவில் என் பிள்ளை வாயால் கேட்டேன். அவளுக்குத் தன் அம்மாவோடு ஒரு நேற்று இருந்தது. அது ஒன்றுதான். செங்கமலத்துக்கு அது ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தது.

கைப்பேசிகள் இருந்த பையை லூர்து செங்கமலத்திடம் கொடுத்தார். கரையில் திறந்தால் போதும் என்றார். அவள் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தேதி, மாதம், மாப்பிள்ளை கேட்கப்போகும் கேள்விகள், மங்கை தன் நகத்தைக் குனிந்து பார்க்கப்போகிற நிமிஷம், எல்லாம் அந்தப் பைக்குள் இருந்தன. கரைக்கு இரண்டு மணி நேரம்.

தீவு சின்னதாகிக்கொண்டே வந்தது. நான் வழக்கம்போலப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தேன். மங்கை அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள்.

"ஏங்க" என்றாள் செங்கமலம். "சும்மா வரீங்களே. ஏதாவது சொல்லுங்க."

எவ்வளவோ தேடினேன். புதிதாக ஒன்றும் வரவில்லை. "நான் கடற்கரையில நடந்து போறேன், ஒரு நண்டு மூக்குக்கண்ணாடியைத் தூக்கிட்டு ஓடுது" என்றேன்.

"ஐயோ அப்பா, இதைத்தான் நேத்தே சொல்லிட்டீங்களே" என்றான் இளவழகன்.

"சும்மாயிருடா" என்றாள் அவள். என்னைப் பார்த்து முழங்கையைப் பைமேல் ஊன்றிக்கொண்டாள். "எனக்குப் புதுசு. நீங்க சொல்லுங்க."